கூடு பாய்வதும் ஜெராக்ஸ் எடுப்பதும்

அன்புள்ள அண்ணன்,

மூளையைக் கணினியில் ஏற்றிச் சாவைத் தாண்டும் அறிவியல் கதைகள் என்றால் உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்? கல்யானையைச் சித்தர் கரும்பு தின்னவைத்த மதுரை ஊர்க்காரர் நீங்கள். சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாயவில்லையா? நினைவு முழுசாக இருந்தால் அது நான்தானே?

உங்கள் வாசகன், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

கூடு பாய்வதில் ஒரு வசதி, பழைய கூடு காலியாகிவிடும். கணினியில் ஏற்றுவது அப்படியில்லை, அது ஜெராக்ஸ். மதுரைக் கோர்ட்டு வாசலில் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்தால் மூலப்பத்திரம் நம் கையில்தானே இருக்கும்? நகல் ஆயிரம் வருஷம் இருக்கட்டும், கட்டிலில் கிடக்கிற ஆள் அன்று ராத்திரியே செத்துப்போவார்.

ஆஸ்திரேலிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிரெக் ஈகன் 1990இல் எழுதிய ‘லேர்னிங் டு பி மீ’ கதை இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. தலைக்குள் சின்ன வயதிலேயே ‘மணி’ (ரத்தினம்) என்கிற ஒரு சின்னக் கணினியைப் பதித்துவிடுகிறார்கள். அது மூளையைப் பார்த்துப் பார்த்து அதேபோல் யோசிக்கப் பழகுகிறது, அப்புறம் ஒருநாள் உடம்பை மணியிடம் ஒப்படைத்துவிட்டு மூளையை எடுத்துவிடலாம். வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கதை சொல்கிறவனுக்கோ, ‘நான்’ என்று பேசுவது மூளையா மணியா என்பதே நெடுநாள் பிடிபடுவதில்லை.

சித்தர் என்றீர்களே, பெரியபுராணத்துத் திருமூலரைப் பாருங்கள். மேய்ப்பன் மூலன் செத்துக்கிடக்க, மாடுகள் கதறுவது பொறுக்காமல் யோகி அவன் உடம்புக்குள் போகிறார். மாடுகள் வீடு திரும்பிவிட்டன. புருஷனைத் தேடிவந்து தொடப்போன மனைவியிடம், உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். உடம்பு அவனுடையது, உள்ளே இருப்பவர் வேறு ஆள். எல்லோரும் யோகியைக் கொண்டாடுகிறார்கள், எனக்கு என்னவோ அந்தப் பெண்ணோடு அவள் ஊரான சாத்தனூர்த் தெருவில் நிற்கத்தான் தோன்றும்.

என் அப்பா செல்லூரில் தறி நெய்தவர். கடைசி இரண்டு வருஷம் என் பெயர் மறந்துபோய், “தம்பி யாரு?” என்பார். ஆனால் அறுந்த நூலை மடியில் போட்டால், விரலில் எச்சில் தொட்டு, இரண்டு நுனியையும் முறுக்கி ஒட்டிவிடுவார், முடிச்சே தெரியாது. அதுவும் மூளையின் வேலைதான் என்பீர்கள், சரி. ஆனால் நினைவுதான் ஆள் என்றால், அந்த இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டது யார்?

தொழில்நுட்பம் வராது என்று நான் வாதாடவில்லை. (302 நரம்பணு உள்ள ஒரு புழுவின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது, அதையே இன்னும் கணினியில் முழுசாக உயிர்ப்பிக்க முடியவில்லை, நமக்கு ஏறத்தாழ 8,600 கோடி.) அப்பாவின் நகல் கிடைக்கும் என்றால் கடன்பட்டாவது வாங்கியிருப்பேன், எனக்காக. அவர் சாகவில்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.