மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் மறுவாழ்வுப் பயிற்சிகளின் பயனை எப்படி அளப்பது?

கேள்வியின் தோரணையைப் பார்த்தால், ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ‘பயிற்சி பெற்றோர் இத்தனை, வேலை பெற்றோர் இத்தனை’ என்ற அட்டவணை கையில் இருக்கும். அப்படி ஓர் அட்டவணையில் ‘வேலை பெற்றோர்’ பட்டியலில் இருப்பவன் நான்.

இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பியவன். காலைத் தாங்கும் காலிப்பர் கருவி போட்டு நடக்கிறேன். திருப்பூரில் அரசு உதவியோடு நடந்த பயிற்சியில் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருளைக் கற்றேன். முடிவில், பின்னலாடை நிறுவனம் ஒன்றின் வேலை ஆணையை மேடையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். போய்ப் பார்த்தால் செக்கிங் பிரிவு. நாள் முழுக்க நின்றபடி பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் தேட வேண்டும். ஸ்டூல் கேட்டேன். உட்கார்ந்தால் வேலை ஓடாது என்றார் சூப்பர்வைசர். கழிப்பறையோ மாடியில், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். “இருக்கிறீர்கள்தானே தம்பி?” என்று பயிற்சி மையத்திலிருந்து அடிக்கடி போனில் விசாரித்த அண்ணன், மூன்று மாதம் நிறைந்ததும் அழைப்பதை நிறுத்திவிட்டார். மத்திய அரசின் திறன் பயிற்சிக்கான 2015ஆம் ஆண்டுப் பொது நெறிமுறைகள், ஒருவருக்கு வேலை கிடைத்ததாகக் கணக்கிடக் கேட்பது மூன்று மாதத் தொடர் வேலையைத்தான். அடுத்த மாதமே நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். அவர்கள் கணக்கில் இன்னமும் நான் வெற்றி.

இலவசமாகக் கற்றுக்கொண்டு குறை சொல்கிறானே என்று கீழே ஒருவர் எழுதுவார். எழுதட்டும். அந்த டேலிதான் எனக்கு இன்று சோறு போடுகிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நூல் கடைக்காரர் ஒருவர் கணக்கு எழுத ஆளில்லாமல் தவித்தார். நண்பன் சொல்லிவிட, போய்ச் சேர்ந்தேன். பயிற்சியின் உண்மையான பலன் இதுதான். இது எந்த அறிக்கையிலும் ஏறவில்லை, கேட்க யாரும் போன் செய்யாததால்.

அமெரிக்காவில் வேலைவாய்ப்பு, பயிற்சிச் சேவைகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்தச் சேவையிலிருந்து வெளியேறியவர் அதற்குப் பிந்தைய இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். ஊதியத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். நம் ஊரில் ஓராண்டு கழித்துக் கேட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள், ஆட்டோவுக்குப் போனது போக மீதி என்ன என்று கேளுங்கள். யாரைச் சேர்த்தார்கள் என்பதும் முக்கியம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. எங்கள் வகுப்பிலோ கிட்டத்தட்ட எல்லோரும் என்னைப் போல் கால் பாதிப்பு உள்ளவர்கள். பார்வையற்றவர் ஒருவர்கூட இல்லை. சுலபமாக வேலை கிடைக்கக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு விழுக்காடு காட்டுவதில் என்ன பெருமை?

   

கடைசியாக ஒன்று. ஓராண்டு கழித்துத் தேடும்போது பாதிப் பேருடைய எண் மாறியிருக்கும். சேர்க்கைப் படிவத்திலேயே அம்மா அல்லது பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் வாங்கி வையுங்கள்.