பச்சை பாட்டில் பீர் மட்டும் ஏன் நாறுகிறது?

கேள்வி: நான் குடிப்பது எப்போதும் ஒரே பீர்தான். டின்னில் வாங்கினால் நன்றாக இருக்கிறது. பச்சை பாட்டிலில் வாங்கினால் சில நேரம் மூடியைத் திறந்ததுமே ஒரு மாதிரி நாறுகிறது. காலாவதி தேதியும் தாண்டவில்லை. போலிச் சரக்கா? குளிர்ந்த பாட்டிலை வெளியே வைத்துவிட்டு மறுபடி குளிர வைத்ததால் கெட்டுவிட்டதா? அப்படியே இன்னொன்று: கறுப்பு பீரில் போதை அதிகம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. டின்னில் வராத நாற்றம் பச்சை பாட்டிலில் மட்டும் வருகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளிச்சத்தைத்தான்.

பீருக்குக் கசப்பைக் கொடுப்பது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அதைக் கொதிக்க வைக்கும்போது உண்டாகும் ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் வெளிச்சத்தைத் தாங்காது. பீரில் இயல்பாகவே இருக்கும் ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, நீல ஒளியை உறிஞ்சி அந்தக் கசப்புப் பொருளை உடைக்கத் தூண்டுகிறது. புற ஊதாக் கதிர் நேரடியாகவே உடைத்துவிடும். உடைந்த துண்டு பீரிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்ததும் தயோல் வகைச் சேர்மம் ஒன்று பிறக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் ஸ்கங்க் என்றொரு விலங்கு எதிரிமேல் பீய்ச்சியடிக்கும் திரவமும் இதே குடும்பத்து நாற்றம்தான். ஒரு லிட்டர் பீரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். நல்ல கசப்புள்ள வெளிர்நிற பீர் ஒரு டின் எடுத்து இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றை அலுமினியத் தாளால் அடி முதல் வாய் வரை சுற்றிவிடுங்கள். இரண்டையும் நேர் வெயிலில் பத்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிறகு மாற்றி மாற்றி முகருங்கள். மூடிய டம்ளரில் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் வாசனை அப்படியே இருக்கும். திறந்த டம்ளரில் ரப்பர் கருகினாற்போல் ஒரு நெடி ஏறியிருக்கும். சூடு இரண்டுக்கும் பொது, வித்தியாசம் வெளிச்சம் மட்டுமே. ஒருமுறை இதை முகர்ந்துவிட்டால் அப்புறம் எங்கே வந்தாலும் அடையாளம் தெரியும்.

பாட்டிலின் நிறத்துக்கு இதனால்தான் இவ்வளவு முக்கியத்துவம். பழுப்புக் கண்ணாடி இந்தக் கெடுதல் செய்யும் ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும், நிறமில்லாத கண்ணாடி இன்னும் குறைவு. டின்னுக்குள் வெளிச்சம் போகவே முடியாது. நிறமற்ற பாட்டிலில் விற்கும் சில நிறுவனங்கள், வெளிச்சம் பட்டாலும் நாறாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றைச் சேர்க்கின்றன. அதனால் எல்லா வெள்ளை பாட்டிலும் நாறும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வெயில்தான் வேண்டுமென்பதில்லை, கடைக் குளிர்பெட்டியின் குழல்விளக்கும் நாள்கணக்கில் பட்டால் இதே வேலையைச் செய்யும். பச்சை பாட்டில்தான் வேண்டுமென்றால் மூடிய அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்வரிசையில் இருப்பதை எடுங்கள்.

சரி, குளிர வைத்து, வெளியே எடுத்து, மறுபடி குளிர வைத்தால் கெடுமா? அந்த மாற்றத்தால் மட்டும் கெடாது. மொத்தத்தில் எத்தனை நாள் சூட்டில் கிடந்தது என்பதுதான் கணக்கு. பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் பீரை மெல்ல மெல்லப் பழையதாக்குகிறது, வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. அப்படிப் பழசான பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும், நீங்கள் சொல்லும் நாற்றம் வேறு. ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐபிஏ என்ற பீர் வகைகள்தான் இப்படிப் பழசாவதில் சீக்கிரம் அடிபடும். அவற்றைக் காலாவதி தேதி வரை வைத்திருக்காமல் புதிதாகக் குடித்துவிடுவது நல்லது. இம்பீரியல் ஸ்டவுட், பார்லி வைன் போன்ற கனமான சில வகைகளை மட்டும் வேண்டுமென்றே ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிப்பவர்கள் உண்டு. குழாய் பீரில் வினிகர் புளிப்போ வெண்ணெய் வாடையோ தெரிந்தால் பெரும்பாலும் குழாயைச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஐஸ் போல் குளிர வைத்துக் குடித்தால் இந்த நாற்றம் குறைவாகத் தெரியும், ஆனால் நல்ல மணமும் சேர்ந்தே மறைந்துவிடும். லாகருக்கு (குளிர்ச்சியில் மெல்ல நொதிக்க வைத்த பீர்) 4 முதல் 7 டிகிரி, ஏல் வகைகளுக்கு (சற்றே கூடிய வெப்பத்தில் நொதிக்க வைத்தவை) 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். பாட்டிலோடு குடிக்காமல் டம்ளரில் ஊற்றுங்கள். பீர் ஊற்றிய பின் டம்ளரின் உள்சுவரில் குமிழ்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அங்கே எண்ணெயோ அழுக்கோ இருக்கிறது. அதே எண்ணெய்ப்பசைதான் நுரையையும் அமுக்கிவிடும்.

கறுப்பு பீர் விஷயத்துக்கு வருவோம். நிறம் வருவது வறுத்த மால்ட்டிலிருந்து. மொத்த தானியத்தில் சிறு பங்கு நன்றாகக் கறுக்க வறுத்ததாக இருந்தாலே பீர் முழுவதும் கறுத்துவிடும். ஆல்கஹாலின் அளவோ, ஈஸ்ட் தின்று தீர்க்கும் சர்க்கரையைப் பொறுத்தது. கறுப்பான கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பொன்னிறத்தில் பளபளக்கும் பெல்ஜியத்தின் டூவெலில் 8.5 சதவீதம். நிறத்தை விட்டுவிட்டு லேபிளைப் பாருங்கள். மில்லியை சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் உள்ளே போகும் ஆல்கஹால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 5 சதவீத பீர் 330 மில்லி டின்னில் 16.5 மில்லி ஆல்கஹால், 8 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி. பெயருக்கு இரண்டுமே ‘ஒரு பீர்’, ஆனால் இரண்டாவதில் இருப்பது மூன்று மடங்குக்கும் மேல்.