இணையத்தில் இருந்த வாக்குறுதி மாறிவிட்டால்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சென்ற ஆண்டு சமையலறை அலமாரி செய்தோம். 10 ஆண்டு உத்தரவாதம் என்று நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் போட்டிருந்தது. இப்போது கதவுகளில் லேமினேட் உரிகிறது. கேட்டால், உத்தரவாதம் ஓராண்டுதான் என்கிறார்கள். பக்கத்தையும் மாற்றிவிட்டார்கள். என் கைப்பேசியில் பழைய ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அது போதுமா?

பதில்: உதவும். ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எந்த பிரவுசரிலும் ஒரு பக்கத்தின் எழுத்தை நம் திரையில் மட்டும் மாற்றி, 1-ஐ 10 ஆக்கிப் படமெடுத்துவிடலாம். அதற்குக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் சொல்லும்.

எனவே இன்றே, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். பழைய பிரதி கிடைத்தால் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுக்குத் துணை கிடைத்த மாதிரி. உங்களுக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் சேமித்தது என்பதுதான் அதன் பலம். நம் சாட்சியச் சட்டத்தின் 116ஏ பிரிவும் அந்த வழியில்தான் போகிறது: வழக்கில் சேராத ஒருவர் தம் வழக்கமான தொழில் நடவடிக்கையில் பதிந்து வைத்த மின்பதிவு என்று நீங்கள் நிறுவினால், மறுசான்று வராதவரை அது உண்மையானது என்றே நீதிமன்றம் கொள்ளும்.

அந்தப் பிரதியின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி. நேரம் சிங்கப்பூர் நேரமல்ல, நம்மைவிட 8 மணி நேரம் பின்தங்கிய யுடிசி என்ற உலகப் பொது நேரம். இங்கே 3ஆம் தேதி காலை 6 மணிக்குச் சேமித்த பக்கம் அங்கே 2ஆம் தேதி இரவு 10 மணி என்று காட்டும். தேதியே ஒத்துப்போகவில்லையே என்று எதிர்த்தரப்பு கேட்டால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள படங்கள் வேறு நாளில் சேமிக்கப்பட்டவையாகவும் இருக்கலாம். உத்தரவாதம் படத்துக்குள் எழுதப்பட்டிருந்தால் இதைக் கவனியுங்கள்.

அப்புறம், மாற்றப்பட்ட பக்கத்தையும் இப்போதே சேமியுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். முன்பு 10, இப்போது 1 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மாற்றியது தெரியும். முகவரிப் பட்டையும் கணினிக் கடிகாரமும் தெரியும்படி முழுத்திரையைப் படமெடுங்கள். முகப்புப் பக்கத்திலிருந்து அங்கே போவதைத் திரைக் காணொளியாகவும் பதியுங்கள். வேபேக் மெஷினிலும் சேமிக்கச் சொல்லுங்கள்; லாகின் கேட்கும் பக்கங்களுக்கு அது சரிவராது.

மூலக் கோப்புகளை வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி போன்ற உள்விவரமும் போய்விடும். அதனால் பழைய ஸ்கிரீன்ஷாட் கைப்பேசியில் இருந்தபடியே இருக்கட்டும், கைப்பேசியை மாற்றினாலும் பழையதை விற்றுவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளலாம். கோப்பிலிருந்து கணக்கிடப்படும், 64 எழுத்து கொண்ட கைரேகை போன்றது அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முழுதாக மாறிவிடும். அன்று முதல் கோப்பு மாறவில்லை என்பதற்கு அது சான்று. அதில் இருப்பது உண்மைதானா என்பது வேறு கேள்வி.

இவ்வளவும் தேவையா? உங்கள் கோரிக்கை 20,000 வெள்ளிக்குள் இருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் போதும். இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வரை போகலாம். அங்கே வழக்கறிஞர் கிடையாது, சாட்சிய விதிகளும் அவ்வளவு இறுக்கமாக இல்லை. என் கணிப்பில், வேபேக் பிரதி, ஸ்கிரீன்ஷாட், விலைப்புள்ளி, பணம் கட்டிய ரசீது இந்த நான்கும் சேர்ந்தால் ஹேஷ் பேச்சே எழாது. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். அலமாரி செய்த நிறுவனத்தாரோடு தமிழில் பேசிய வாட்ஸ்அப் செய்திகளைக் காட்டப்போகிறீர்கள் என்றால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.