அது கை காலில்லை தம்பி, கொப்பு

வேலையில் சேர்ந்து மூன்றே வாரம். மீட்டிங்கில் மேனேஜர் "யூ ஆர் அவுட் ஆன் எ லிம் ஹியர்" என்றார், அகராதியில் லிம் என்றால் கை கால் என்றிருக்கிறது, இது பாராட்டா திட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமில்லை தம்பி, எச்சரிக்கை.

இந்த லிம், திருநெல்வேலிப் பக்கம் நாம் சொல்லும் கொப்பு, அதாவது மரக்கிளை. கொப்பில் வெளியே தள்ளிப் போய் நிற்கிறாய் என்பதுதான் அவர் சொன்னதன் நேர்ப்பொருள். பழைய ஆங்கிலத்திலேயே உடலுறுப்புக்கும் மரக்கொப்புக்கும் இந்த ஒரே சொல்தான். துணிந்து தனியாக மாட்டிக்கொள்வது என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அமெரிக்காவில் ஏறியது.

அடிமரத்தை விட்டு விலக விலகக் கொப்பு மெலியும். ஏறி நிற்கும் அதே ஆளின் எடை, கொப்பு மரத்தோடு சேரும் கவையை இன்னும் பலமாக நெம்பும். புளியங்கொப்பு வளைந்து எச்சரிக்கும். முருங்கை சொல்லாமல் கொள்ளாமல் முறியும், அதனால்தான் ஊரில் பிள்ளைகளை அதில் ஏற விடுவதில்லை. 476-ஆம் குறளும் இதே மரத்தைத்தான் காட்டுகிறது: நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந்து ஊக்கின் உயிர்க்கு இறுதி. ஆனால் குறள் தடுப்பது நுனியையும் தாண்டுவதை. ஆங்கிலத்தில் நுனிக்குப் போனாலே ஆபத்துதான், சில நேரம் அது மெச்சத்தக்க துணிச்சலும்கூட.

அதனால் யாரைப் பற்றிய பேச்சு என்று பாருங்கள். "ஐ வில் கோ அவுட் ஆன் எ லிம்" என்று ஒருவர் தன்னையே சொன்னால், ஆதாரம் குறைவு, என் பொறுப்பில் ஊகிக்கிறேன் என்று பொருள். அதை முடிவாகக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவதுதான் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. "ஹி வென்ட் அவுட் ஆன் எ லிம் ஃபார் யூ" என்றால் அவர் தன் பெயரைப் பணயம் வைத்து உங்களுக்காகப் பேசியிருக்கிறார். நேரில் போய் நன்றி சொல்லுங்கள்.

"ஸ்டிக் யுவர் நெக் அவுட்" என்பதும் கிட்டத்தட்ட இதுவே. வீட்டில் விளக்கும்போது கழுத்தை நீட்டினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கல்யாணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உங்களுக்குச் சொன்னது மூன்றாவது வகை: உன் பக்கம் ஆளில்லை. இன்றே மேனேஜரிடம் போய், குறைவது தரவா, இன்னொரு டீமின் சம்மதமா என்று கேளுங்கள். தரவு என்றால் எண்களோடு போங்கள். சம்மதம் என்றால் மெயிலில் வாங்கிவிட்டு அப்புறம் வேலையைத் தொடருங்கள். வாய்ச்சொல் அந்த மீட்டிங்கோடு போய்விடும்.