எம்பிராய்டரிக்கு நல்ல டிசைன்கள் எங்கே கிடைக்கும்? வரையவே தெரியாத நான் சொந்தமாக டிசைன் போட முடியுமா?

தாராளமாக முடியும். எனக்கும் வரைய வராது, பூனை போட்டால் பூசணிக்காய் மாதிரிதான் வரும்.

முதலில் தேடும் இடம். பின்டெரெஸ்டில் பார்த்தால் ஒரே பூங்கொத்துதான் நூறு பேர் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கும், அசல் யாருடையது என்றே தெரியாது, தைத்து விற்கப்போகிறீர்கள் என்றால் அது வம்பு. நான் போவது ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரி என்ற தளத்துக்கு. பழைய தையல் புத்தகங்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். நியூயார்க் மெட் அருங்காட்சியகமும் காப்புரிமை இல்லாத படங்களை 2017 முதல் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டிருக்கிறது, அதில் பதினாறாம் நூற்றாண்டு டிசைன் புத்தகங்களே இருக்கின்றன. அந்தக் காலத்துப் புத்தகங்களில் தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான், ஏனென்றால் வாங்கியவர்கள் பக்கத்தை வெட்டி, கோட்டின் மேல் ஊசியால் குத்திக் குத்தித் துணிக்கு மாற்றியே தீர்த்துவிட்டார்கள்!

சொந்த டிசைனுக்கு வருகிறேன். ஒரு பூவின் புகைப்படத்தை எடுத்து அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வெளிக்கோட்டை மட்டும் எடுங்கள். பென்சிலால் வேண்டாம், ஸ்கெட்ச் பேனாவால் எடுங்கள். பென்சில் கோடு மெல்லியது, எவ்வளவு நுணுக்கம் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆசை காட்டும். நூலுக்கு ஒரு தடிமன் இருக்கிறது இல்லையா, ஸ்கெட்ச் பேனாவில் அப்பிக்கொள்ளும் இடம் நூலிலும் அப்பிக்கொள்ளும், அந்தக் கோட்டை அப்போதே நீக்கிவிடலாம். அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்திலேயே தையலின் பெயரை எழுதிவிடுங்கள்: இது காம்புத் தையல், இது சங்கிலித் தையல், இந்த இதழ் சாட்டின், அதாவது இடைவெளி விடாமல் நூலைப் பக்கம் பக்கமாகப் போட்டு நிரப்பும் தையல். எழுதும்போதே தப்பு தெரிந்துவிடும். சாட்டின் தையல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் நூல் தொளதொளவென்று தொங்கி வளையலில் மாட்டும், அதனால் அகலமான இதழின் நடுவில் ஒரு நரம்பு போட்டு இரண்டாகப் பிரித்துவிடுவேன். பார்க்கிறவர்கள் அதை அழகுக்குப் போட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

கட்டம் கட்டமாகப் பெருக்கல் குறி போட்டுத் தைக்கும் கிராஸ் ஸ்டிச் என்றால் கட்டம் போட்ட தாள் போதும். 14 கவுண்ட் துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம், ஆக 70 கட்ட அகலத்தில் வரைந்தால் துணியில் 5 அங்குலம் வரும். புகைப்படத்தைக் கட்டமாக மாற்றித்தரும் செயலிகளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். என் நாயின் படத்தைப் போட்டதும் 64 நிறம் கேட்டது, அதில் பழுப்பு மட்டும் பதினொன்று, அதுவும் இங்கே ஒரு கட்டம் அங்கே ஒரு கட்டம் என்று சிதறி. ஒரு காது முடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது, அது இன்னும் அலமாரியில் ஒற்றைக் காதோடு கிடக்கிறது. இப்போதெல்லாம் 15 நிறத்துக்கு மேல் விடுவதில்லை, தனியாக நிற்கும் கட்டங்களைப் பக்கத்து நிறத்தோடு நானே சேர்த்துவிடுகிறேன்.

துணிக்கு மாற்ற, பகலில் ஜன்னல் கண்ணாடியில் தாளையும் துணியையும் ஒட்டி வரைவதே எனக்குப் போதும். தண்ணீரில் அழியும் பேனா என்றால் அலசுவதற்கு முன் இஸ்திரி போட்டுவிடாதீர்கள், கோடு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். சூட்டில் மறையும் பேனா கடும் குளிரில் திரும்பத் தலைகாட்டும். கறுப்புத் துணி என்றால் தண்ணீரில் கரையும் மெல்லிய தாளில் வரைந்து மேலே ஒட்டித் தைத்துவிட்டு, முடிந்ததும் அலசிவிடுங்கள்.