ஆறாத புண்ணுக்கு அந்திமனி ஊசியா?

கேள்வி: வன்னிக்கு வீதி வேலைக்குப் போய்வந்த மகனின் கையில் ஒரு பரு வந்து, நாலு மாதமாக ஆறாத புண்ணாகக் கிடக்கிறது. நோவுமில்லை, கடியுமில்லை. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய் என்று அந்திமனி ஊசி போடச் சொல்கிறார்கள். அது நஞ்சல்லவா? பற்பம் ஏதும் பூசலாமா?
– ஒரு தாய், கொடிகாமம்

பதில்: அந்திமனி நஞ்சுதான் அம்மா, உங்கள் பயத்தில் பிழையில்லை. ஆனால் ஊசியில் உள்ள சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேற்று என்ற மருந்தில் அது ஐவலுவளவு (ஐந்து பிணைப்பு கொள்ளும்) நிலையில் கட்டுண்டு இருக்கிறது. உடலுக்குள் மூவலுவளவாக மாறினால்தான் ஒட்டுண்ணியைக் கொல்லும். ஒட்டுண்ணி தன்னைக் காக்க வைத்திருக்கும் திரைபனோதயோன் என்ற கந்தகச் சேர்வையை அந்திமனி இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்தச் சேர்வை மனிதருக்குக் கிடையாது.

அடுத்தது அளவு. ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் அந்திமனி. உடல் முழுவதற்கும் கொடுப்பதென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராம். 50 கிலோ ஆளுக்கு நாளுக்கு 10 மில்லிலீற்றர், 20 நாளுக்குக் குறையாமல். இருதயத் துடிப்பும் கணையமும் பாதிக்கப்படுவது இந்த அளவில்தான், அதனால்தான் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். மகனுக்கு இருப்பதுபோன்ற ஒற்றைப் புண்ணுக்கு அவ்வளவு தேவையில்லை. புண்ணின் விளிம்பில், தோல் வெளிறும்வரை சிறிதளவு மருந்தை ஏற்றுவார்கள். பெரும்பாலும் கிழமைக்கு ஒருமுறை. ஊசி ஆழமாக இறங்கினால் மருந்து தோலுக்குக் கீழே போய்விடும், ஒட்டுண்ணி இருக்கும் விளிம்புக்குச் சேராது. இன்னொரு பிழை, புண் தட்டையானதும் போகாமல் விடுவது. தயவுசெய்து அதை மட்டும் செய்யவிடாதீர்கள்.

பற்பம் வேண்டாம். அதில் எந்த உலோகம், எவ்வளவு என்று தெரியாது. தோலும் வெந்தால், விளிம்பில் சுரண்டி ஜீம்சா சாயமிட்டு ஒட்டுண்ணியைத் தேடும் சோதனையும் குழம்பும்.

கேள்வி: பொன்னிலும் ஒட்டுண்ணி மருந்து உண்டாமே?
– உயர்தர மாணவி, கோப்பாய்

பதில்: ஓரனோஃபின் என்ற பொன் சேர்வை 1985 இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்துக்கு அனுமதி பெற்றது, அது அமீபாவையும் கொல்லுமென 2012 இல் ஆய்வாளர் காட்டினர். மலேரியா மருந்தான குளோரோகுயினோடு இரும்புள்ள பெரோசீனைக் கோத்துச் செய்த பெரோகுயின், குளோரோகுயினுக்கு மசியாத மலேரியா ஒட்டுண்ணியையும் கொல்கிறது. ஆனால் ஆய்வுகூடத்தில் கொல்வது பாதி வேலைதான். ஆபிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுத்த ஆசனிக்குச் சேர்வையான மெலார்சோப்ரோல், 100 பேரில் 5 முதல் 10 பேரின் மூளையைத் தாக்கியது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தனர். இன்று அந்நோய்க்கு உலோகமே இல்லாத பெக்சினிடசோல் குளிசை இருக்கிறது.