கன்று தாங்குகிறது, பசு சாய்கிறது: உண்ணிக் காய்ச்சல் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, உண்ணியே இல்லாத பகுதியிலிருந்து வாங்கி வந்த பசு, ஒரே மாதத்தில் காப்பி நிறச் சிறுநீர் கழித்து இறந்துவிட்டது. அதே கொட்டகையில் ஐந்து மாதக் கன்று துள்ளி விளையாடுகிறது. எப்படி?

பதில்: உங்கள் இழப்பு வருத்தமளிக்கிறது. அறிகுறி, உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோயான பபேசியாவைக் காட்டுகிறது. பல நோய்களில் முதலில் வீழ்வது கன்று. இங்கே நிலைமை தலைகீழ். நோயைக் கண்டு மீண்ட தாயின் சீம்பால் ஏறக்குறைய இரண்டு மாதம் காக்கும். அதன்பின் ஒன்பது மாதம் வரை கன்றின் சொந்த உடலே தாங்குகிறது. ஒட்டுண்ணி இரத்தத்தில் நுழைந்ததும் மண்ணீரல் விரைந்து விழித்து, நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றால் அதைத் தாக்குகிறது. முதன்முறை தொற்றும் வளர்ந்த மாட்டில் இந்த எதிர்வினை தாமதமாகவே வருகிறது. அதற்குள் சிவப்பணுக்கள் சிதைந்துவிடுகின்றன. மண்ணீரல் அகற்றப்பட்ட கன்றுகளுக்கு இந்தத் தாங்கும் திறன் இருப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் உண்ணியை அடியோடு ஒழிப்பது தவறா?

பதில்: முழுமையாக ஒழித்து, மீண்டும் வராமல் காக்க முடிந்தால் நல்லது. அரைகுறை ஒழிப்புதான் ஆபத்து. இளவயதில் தொற்று கண்டு மீண்ட கன்று பல ஆண்டுகள் தாங்கும். உண்ணி மிகவும் குறைந்தால் பல கன்றுகள் அந்த வாய்ப்பைப் பெறாமலே வளர்ந்துவிடும். பிறகு உண்ணி பெருகும்போது மந்தையே சாயும். இதற்காகக் கன்றின் மேல் உண்ணியை மொய்க்க விடாதீர்கள். இரத்தசோகை கன்றையும் கொல்லும்.

கேள்வி: அனாபிளாஸ்மாவும் இப்படித்தானா?

பதில்: ஆம். இது உண்ணி பரப்பும் பாக்டீரியா, ஆனால் வயதுக் கணக்கு ஒத்தது. ஆறு மாதத்துக்குள் நோய் அரிது, ஓராண்டு வரை பெரும்பாலும் லேசானது. இரண்டு வயதைத் தாண்டிய மாட்டுக்கு உயிராபத்து அதிகம். சிறுநீர் சிவக்காது, கண்ணும் ஈறும் வெளிறி மஞ்சளாகும்.

கேள்வி: என் கலப்பினக் கன்றுக்குத் தைலேரியா. கன்று தாங்கும் என்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள்! உண்ணி பரப்பும் மற்றோர் ஒட்டுண்ணி நோயான வெப்பமண்டலத் தைலேரியாவில் வயதை நம்பவே கூடாது. அயலினக் கன்றுகளும் கலப்பினக் கன்றுகளும் அதனால் இறக்கின்றன. நிணநீர்ச் சுரப்பி வீங்கிக் காய்ச்சல் இருந்தால் இன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். இதற்கான மருந்தான புபார்வகோன் தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: பபேசியாவுக்குத் தடுப்பூசி எந்த வயதில் போட வேண்டும்?

பதில்: வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசி கிடைக்கும் இடங்களில் மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் ஊசியே காய்ச்சலை வரவழைக்கலாம். மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம்.